கோப்பை, கிண்டல், கேசட்: தாத்தாவை எப்படிப் பத்திரப்படுத்துவது?

*இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. மைதானத்தில் பேர் வாங்கி, வீட்டில் எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டே வாழ்ந்து முடித்த பெரியவரை, அடுத்த தலைமுறைக்கு எந்த வடிவத்தில் விட்டுப்போவது? பழைய படம், ஒலிநாடா, மலர் அச்சு, நினைவுப் போட்டி ஆகிய வேலைகளில் பழகியவர்கள் பதில் சொல்கிறார்கள்.*

கேள்வி: எங்கள் அப்பாரு (தாத்தா) 83 வயதில் போன மாதம் காலமானார். அந்தக் காலத்துக் கபடி ஆட்டக்காரர், வாயைத் திறந்தால் நையாண்டி. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் போட ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?
வாசகி, ஈரோடு

அவருடைய செல்போனிலிருந்து. பழைய படங்களும் சான்றிதழ்களும் பீரோவில் இன்னும் பத்து வருஷம் இருக்கும். போனில் இருப்பது இருக்காது. ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பயன்பாடின்றிக் கிடக்கும் எண்ணை நிறுவனம் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் திறக்கப்படாவிட்டால் அழிக்கப்படும். ஆகவே எண்ணை மூடுவதற்கு முன்பு குறைந்த கட்டணத்தில் ஒரு ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். போனை அணைக்க வேண்டாம், சார்ஜ் இறங்கவும் விடவேண்டாம். அணைத்துத் திறந்தால் ரகசிய எண் கேட்கும், அது அவருக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. பிறகு பைல் மேனேஜரில் வாட்ஸ்அப் மீடியாவுக்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று இருக்கும் கோப்புறையை முழுதாகக் கணினிக்கு மாற்றுங்கள். அவர் மற்றவர்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகளும் அதில் இருக்கும். உறவினர்களிடம் உள்ளதையும் கேட்டு வாங்குங்கள். "பேத்தி, சாப்பிட்டியா? நான் இன்னும் சாப்பிடல, உங்க ஆத்தா சமைச்சிருக்கா, யோசிக்கிறேன்" போன்ற பதினைந்து விநாடிகளுக்கு எந்த மலரும் ஈடாகாது.

அடுத்த அவசரம் ஆட்கள். அப்பாருவுடன் ஆடியவர்களுக்கும் இப்போது எண்பதைத் தொட்ட வயது. அச்சகம் அடுத்த வருஷமும் இருக்கும், அவர்கள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. காரியம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் போய்விடுங்கள். போகும்போது பழைய அணிப் படத்தை ஏ4 அளவில் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்துத் தலைகளை மட்டும் கோடாக வரைந்து 1, 2, 3 என்று எண்ணிட்டு எடுத்துப் போங்கள். பெரியவர் கையில் படம், உங்கள் கையில் எண் தாள். "மூணாம் நம்பர் யாருங்க?" என்று கேட்டால் பெயர் வரும், பெயரோடு ஊர் வரும், பட்டப்பெயர் வரும், அப்புறம் கதை தானாக வரும். படத்தின்மேலேயே பேனாவால் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

"அப்பாருவைப் பத்திச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான மனுஷன்" என்பதோடு முடிந்துவிடும். ஆட்டக்காரரிடம் ஆட்டத்தைக் கேளுங்கள். எந்த ஓரத்தில் நிற்பார், இடதா வலதா? பிடி எங்கே போடுவார், கணுக்காலிலா தொடையிலா? பாடிப் போகும்போது 'சடுகுடு' என்பாரா 'கபடி' என்பாரா, இல்லை ஊர்ப் பாட்டு ஏதாவது கட்டிப் பாடுவாரா? மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும்? அவுட் ஆகி வெளியே உட்கார்ந்தால் யாரைக் கிண்டல் செய்வார், என்ன சொல்லி? கேள்வி சின்னதாக இருந்தால் பதில் நீளமாக வரும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள், பெரியவர்களுக்குக் களைப்புத் தெரியாது, குரல்தான் காட்டிக் கொடுக்கும். ஒலிப்பதிவை மின்விசிறிக்கு அடியில் வைத்துச் செய்தால் காற்றுச் சத்தம் மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: தாத்தா வாலிபால் ஆடியவர். அவர் அடித்த ஜோக்குகளை எழுதினால் சப்பென்று இருக்கிறது. என் அண்ணன் எழுதியது இது: "தாத்தா மிகுந்த நகைச்சுவை உணர்வு கொண்டவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு முன் செவிலியர் ஊசி போட வந்தபோது, விசில் அடிக்காமல் சர்வீஸ் போடக்கூடாது என்று கூறி அனைவரையும் சிரிப்பில் ஆழ்த்தினார்." எங்கே தப்பு?
வாசகர், பாளையங்கோட்டை

ஜோக்கில் தப்பே இல்லை, பிரமாதமான ஜோக். அதைச் சுற்றி அண்ணன் கட்டிய பந்தல்தான் பிரச்சினை. முதல் வாக்கியம் "இப்போது சிரிக்கப் போகிறீர்கள்" என்று அறிவிக்கிறது, கடைசிச் சொற்கள் "சிரித்துவிட்டார்கள்" என்று சான்றிதழ் கொடுக்கின்றன. நடுவில் தாத்தாவின் வாய்ப்பேச்சு பள்ளிப் பாடநூல் தமிழாகிவிட்டது. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"முழங்கால் ஆபரேஷனுக்கு முந்தின நாள். நர்ஸம்மா ஊசியோடு வந்து நின்றார். தாத்தா கையை நீட்டவில்லை. 'விசில் அடிக்காம சர்வீஸ் போடப்பிடாது தாயி.'"

அவ்வளவுதான். அவர் பேச்சு அவர் வட்டாரத்து வாயிலேயே இருக்கட்டும், கடைசியில் இருக்கட்டும், அதற்குப் பின்னால் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு சிக்கல்: நடுவர் விசில் கொடுத்த பிறகுதான் சர்வீஸ் போடவேண்டும் என்ற விதி தெரியாத சித்திக்கு இது புரியாது. அதை ஜோக்குக்குப் பக்கத்தில் விளக்கினால் ஜோக் செத்துவிடும். இரண்டு பக்கம் முன்னாலேயே, அவருடைய ஆட்டத்தைச் சொல்லும் இடத்தில், "விசிலுக்கு முன் சர்வீஸ் போட்டுவிட்டு நடுவரிடம் திட்டு வாங்குவார்" என்பதுபோல் ஒரு வரி உண்மையாகவே இருந்தால் அங்கே போட்டுவிடுங்கள். விளக்கம் முன்கூட்டியே வேலையைச் செய்துவிடும்.

சேகரிக்கும்போது ஒரே தமாஷை மூன்று பேரிடம் கேளுங்கள். சூழ்நிலை மாறி மாறி வரும், சொன்ன வாசகம் மட்டும் மாறாமல் இருக்கும். மாறாததை வைத்துக்கொண்டு, சூழ்நிலையை அங்கே நேரில் இருந்தவர் சொன்னபடி எழுதுங்கள். டீக்கடைக்காரர், முடிதிருத்துபவர், பேருந்து நடத்துநர் ஆகியோரிடம் வீட்டுக்கு வராத சரக்கு இருக்கும். அவற்றில் சிலவற்றை அச்சில் போட முடியாது, அது வேறு விஷயம். மருமகள்களையோ சாதியையோ ஒருவரின் உடல் குறையையோ தொட்ட கேலிகளைக் கேட்டு ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். அவர் இருந்து கண் சிமிட்டும்போது இருந்த இதம் காகிதத்தில் வராது, காயம் மட்டும் வரும்.

கேள்வி: அய்யா பயங்கரக் கோபக்காரரும்கூட. அதை எழுதலாமா?
வாசகர், அருப்புக்கோட்டை

எழுதலாம், ஒரு சம்பவமாக. தோற்ற அன்று இரவு யாரோடும் பேசமாட்டார், சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார், மறுநாள் காலை அவரே எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வருவார் என்ற அளவில். குறையே இல்லாத மனிதரைப் பற்றிப் படிப்பவர்கள் நிறைகளையும் நம்புவதில்லை. பாகப்பிரிவினைச் சண்டையை மட்டும் மலருக்குள் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: தாத்தா "ஸ்டேட் பிளேயர்" என்று குடும்பத்தில் பேச்சு. எதை ஆதாரமாக எடுப்பது? சான்றிதழ்கள் செல்லரித்துவிட்டன, சில படங்களில் ஆண்டும் இல்லை.
வாசகி, சிவகங்கை

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது, பங்கேற்புக்கா வெற்றிக்கா என்று. மாநில அணித் தேர்வுப் போட்டிக்குப் போனதும், மாநில அணிக்காக ஆடியதும் வீட்டுப் பேச்சில் காலப்போக்கில் ஒன்றாகிவிடும். இரண்டாவதற்கு ஆதாரம் இல்லையென்றால் "மாநிலத் தேர்வு வரை போனவர்" என்று எழுதுங்கள். அதுவே சாதாரண விஷயமில்லை. ரயில்வே, காவல்துறை, மின்வாரியம் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர் என்றால் பணிப் பதிவேட்டைத் தேடுங்கள். போட்டிகளுக்காக எடுத்த சிறப்பு விடுப்பு அதில் தேதியோடு பதிவாகியிருக்கலாம். பலருடைய ஆட்டச் சரித்திரமே அந்த விடுப்புக் குறிப்புகளில்தான் இருக்கிறது.

ஆண்டைக் கண்டுபிடிக்கச் சில கைப்பிடிகள் உண்டு. சான்றிதழில் 'மதராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முன்னால். படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, அந்த எண்முறையே அப்போதுதான் வந்தது. உங்கள் ஊர் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்று அச்சாகியிருந்தால் 1985-க்கு முந்தியதாகக் கொள்ளலாம். மாவட்டம் பிரிந்தது அப்போதுதான். தூத்துக்குடி ஊர்கள் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்தால் அதே கணக்கு 1986, ஈரோட்டு ஊர்கள் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்று இருந்தால் 1979. உயரம் தாண்டும் படத்தில் அவர் முதுகைக் கீழே காட்டிப் பின்புறமாகத் தாண்டுகிறாரா என்று பாருங்கள். அந்த முறை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி ஜெயித்த பிறகே உலகெங்கும் பரவியது. மணல் குழியில் கத்தரி போட்டு (கால்களைக் கத்தரிக்கோல்போல் மாற்றி வீசி) தாண்டினால் படம் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் கிராமத்துப் பள்ளிகளில் அந்த முறை வெகுகாலம் நீடித்தது, அதை மட்டும் நம்பி ஆண்டு போடாதீர்கள்.

எண்களை இந்தக் காலத்துக்கு மாற்றிப் போடுவதுதான் மலர்களில் அதிகம் பார்க்கும் பிழை. அந்தத் தலைமுறை ஓடியது 100 கெஜம், அதாவது 91.44 மீட்டர். அதை 100 மீட்டர் என்று எழுதினால் தாத்தா தேசியச் சாதனையை முறியடித்தவர் போலத் தெரியும், விளையாட்டு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மில்கா சிங் 1958-ல் கார்டிஃபில் தங்கம் வென்றதே 440 கெஜத்தில்தான். நீளம் தாண்டியது 20 அடி என்றால் அடியிலேயே போட்டு, வேண்டுமானால் 6.10 மீட்டர் என்று பக்கத்தில் குறியுங்கள். வாலிபாலில் 1990-களின் இறுதி வரை ஒரு செட் 15 புள்ளி, சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. ஆகவே 1965 ஆட்டத்தில் "25-23" என்று யாராவது சொன்னால் நினைவு கலந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் மாதம் என்று இருக்கிறது. பாட்டி மார்கழி என்கிறார். எதைப் போடுவது?
வாசகர், மன்னார்குடி

பாட்டி சொல்வதை. அந்தத் தலைமுறையில் பள்ளி திறக்கும் மாதத்தையே தலைமையாசிரியர் பிறந்த மாதமாக எழுதிவிட்டது ஊரெங்கும் நடந்தது. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பியதாகக் கணக்கு. கை நீளமான விளையாட்டுப் பையன்கள் ஒரு வருஷம் முன்னாலேயே தொட்டிருப்பார்கள்! "பிறப்பு: மார்கழி (பள்ளிப் பதிவில் ஜூன்)" என்று இரண்டையும் போடுங்கள். சாதாரணமாக "83" என்று போடுமுன் அது முடிந்த வயதா, நடந்த வயதா என்பதையும் வீட்டில் ஒருமுறை பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்து எடுக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

கூடவே கூடாது. ஈரப்பதத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்பலகையை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து, லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைத்தால் பிரதிபலிப்பு வராது. புதிதாகச் சட்டம் போடும்போது ஓரத்தில் மெல்லிய அட்டை விளிம்பு வைத்துப் போடச் சொல்லுங்கள், படமும் கண்ணாடியும் தொடாது. தினமும் பொட்டு வைப்பது கண்ணாடியின் மேல்தான், நகல் படத்துக்குத்தான் என்று வைத்துக்கொண்டு, அசலை உள்ளே வைத்துவிடுங்கள்.

பசை தடவிய பக்கமும் பிளாஸ்டிக் மூடியும் கொண்ட ஆல்பத்திலிருந்து படம் எடுக்க, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு ரம்பம்போல் மெல்ல இழுங்கள். வரவில்லை என்றால் பக்கத்தோடே ஸ்கேன் செய்யுங்கள். செய்தித்தாள் வெட்டுகளையும் சான்றிதழ்களையும் லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: பழைய கேசட்டில் தாத்தா கோவில் திருவிழா ஆட்டத்துக்கு மைக்கில் வர்ணனை செய்தது இருக்கிறது. போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.
வாசகர், காரைக்குடி

பயம் நல்லது. முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தடுப்புகளை உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. வெளிச்சத்தில் பிடித்துச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் போடாதீர்கள், டேப் பிய்ந்துவிடும், பிளேயரில் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டும் கெடும். அதை ஒலிநாடா வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் டேப் நடுவில் தெரியும் சின்னப் பஞ்சுத் திண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வேறொரு பழைய கேசட்டின் ஓட்டுக்குள் சுருளை மாற்றி வைத்தால் சரியாகும்.

பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். வேறு ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பிளேயர் டேப்பைக் கடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே தாத்தாவைப் போடுங்கள். ஒருமுறை முழுதாக முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றிவிட்டு இயக்கினால் சுருள் இறுக்கம் சீராகும். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர் கொடுத்து, 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி, 60 நிமிடக் கேசட் முழுவதும் 600 எம்பி பிடிக்கும். சத்த அளவுக் கோடு சிவப்பைத் தொடாமல் வையுங்கள். கோல் விழுந்ததும் கூட்டம் கத்தும் இடத்தை வைத்து அளவை அமைத்தால், மற்றதெல்லாம் அடங்கிவிடும். இரைச்சலை நீக்குகிறேன் என்று அசல் கோப்பில் கைவைக்க வேண்டாம், நகலில் செய்யுங்கள்.

கேள்வி: 22 கோப்பைகள் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா?
வாசகி, சேலம்

வேண்டாம். பழைய கோப்பைகள் பெரும்பாலும் பித்தளைமேல் வெள்ளிப்பூச்சு. புளியும் சாம்பலும் போட்டால் ஒரு தடவை பளபளக்கும், இரண்டாம் தடவை மஞ்சள் தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி பாத்திரத் திரவம் கலந்து, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றுங்கள். மர அடிப்பாகத்தில் தண்ணீர் படக்கூடாது. தேய்ந்த எழுத்தைப் படிக்க இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும். இல்லையேல் மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து 2பி பென்சிலால் லேசாகத் தேய்த்து எடுங்கள். ஆறு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் எழுத்து தெரியும்படி படம் எடுத்து, யாரிடம் எது போகிறது என்று ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பெரிய கோப்பைக்குத்தான் போட்டி இருக்கும். அவர் முதன்முதலில் வாங்கிய சோப்பு டப்பாவையும் எவர்சில்வர் டம்ளரையும் யாரும் கேட்கமாட்டார்கள், அதைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மலர் அச்சிட எவ்வளவு பக்கம், என்ன தாள்? அச்சகத்தில் என்ன கேட்க வேண்டும்?
வாசகர், விருதுநகர்

32 அல்லது 48 பக்கம் போதும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும், 46 என்று கொண்டுபோனால் இரண்டு வெற்றுப்பக்கம் வரும். டெமி எட்டிலொரு அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், கைக்கு அடக்கம். படங்கள் அதிகம் என்றால் உள்ளே 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) ஆர்ட் தாள், எழுத்துதான் அதிகம் என்றால் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள். அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன். ஓரிரு நூறு பிரதிகள் வரை டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும், அதற்கு மேல் ஆஃப்செட்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அச்சு அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். இரண்டங்குலப் படத்தை ஆறங்குலமாக்க வேண்டுமானால் 900 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை அச்சகத்தார் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தால் புரூஃப் மிகக் கவனமாகப் பாருங்கள். 'கௌரவம்' 'கெளரவம்' ஆகும், 'ஸ்ரீ' உடையும். புரூஃபை மூன்று பேர் பார்க்கட்டும்: குடும்பத்தில் மூத்தவர், ஒரு மருமகன் அல்லது மருமகள், குடும்பத்துக்கு வெளியாள் ஒருவர். மூத்தவர் முறைகளைச் சரிபார்ப்பார், வெளியாள் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பார். மருமகள் எதற்கு என்றால், வம்சாவளிப் படத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் மருமகள் பெயராகத்தான் இருக்கும், அந்த ஒரு பெயருக்காக முழு மலரையும் திருப்பி அடித்த குடும்பங்கள் உண்டு.

கேள்வி: நினைவுக் கூட்டத்தில் பேச வேண்டும். எவ்வளவு நேரம்? சிரிக்க வைத்தால் தப்பா?
வாசகி, திருச்சி

மூன்று நிமிடம், ஏறக்குறைய 300 சொல். பேரன் பேத்தி எடுத்து நெய்ப்பந்தம் பிடித்து அனுப்பிய சாவைக் கல்யாணச் சாவு என்று சொல்லும் ஊர் நம்முடையது, சிரிக்கலாம். தாளின் ஒரு பக்கம் மட்டும், 16 புள்ளி எழுத்தில், பத்திக்குப் பத்தி இடம் விட்டு அச்செடுங்கள். இன்னொரு பிரதியை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். குரல் உடைந்தால் அவர் தொடரலாம். தமாஷை முதலில் சொல்லிவிடுங்கள், அழுகை பின்னால்தான் வரும்.

கேள்வி: அவர் பெயரில் ஒரே நாளில் 16 அணி கபடிப் போட்டி நடத்த முடியுமா?
வாசகர், ஒட்டன்சத்திரம்

ஒரே களத்தில் முழு நேர ஆட்டமாக முடியாது. நாக் அவுட்டில் 16 அணிக்கு 15 ஆட்டம். இருபது இருபது நிமிடம், நடுவில் ஐந்து, அணி மாற ஐந்து என்று ஆட்டத்துக்கு 50 நிமிடம் வைத்தாலே பன்னிரண்டரை மணி நேரம் ஆகிறது. தகராறுக்கு நேரம் ஒதுக்கவே இல்லை! 13க்கு 10 மீட்டரில் இரண்டு களம் போடுங்கள், அல்லது அரையிறுதி வரை பாதிக்குப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். கோடு போடச் சுண்ணாம்பு நீறு வேண்டாம், முகம் குப்புற விழும் ஆட்டத்தில் கண்ணைப் பொசுக்கிவிடும். சாக்பீஸ் தூளோ கோலமாவோ போதும். முந்தின நாளே களத்தைச் சலித்துக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து வையுங்கள். காவல் நிலைய அனுமதியும் முதலுதவி ஆளும் இல்லாமல் முதல் விசில் அடிக்காதீர்கள்.

சுழற்கோப்பை வைப்பதாக இருந்தால், ஜெயித்த அணியிடம் அடுத்த போட்டிக்கு 15 நாள் முன்பு திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்கள். அவர்கள் நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சின்னக் கோப்பை ஒன்று தனியாகக் கொடுங்கள். அதில் தாத்தாவின் பெயருக்குக் கீழே 'நினைவு' என்பதோடு நிறுத்தாமல், ஊர் அவரை அழைத்த பட்டப்பெயரையும் பொறிக்கச் சொல்லுங்கள்.